சர்க்கரை நார்மல்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று எங்கள் கட்டடம் முழுக்கக் கதை கட்டியவள் நான்தான். அவருக்கு இருந்தது எச்.ஐ.வி. எனக்கும் அதேதான். ஆனால் புனேயில் நாங்கள் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் பதினாறு வீடுகள். மற்ற பதினைந்து வீட்டுப் பெண்களும் புடைவைக்கு ஃபால் தைக்கவும் பீக்கோ அடிக்கவும் என்னிடம்தான் வருவார்கள். காலை பத்து மணிக்கு மேல் கதவைச் சாத்தவே முடியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே ஒரு ஈ, காக்கை எட்டிப் பார்த்திருக்காது.

எங்களுக்குத் தெரிய வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். முதலில் அவருக்குக் காசநோய் என்றார்கள். பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள், அதற்குப் பிறகு என் ரத்தத்தை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். மாசத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி. எதிர்வீட்டு மராத்திக்காரம்மா, நாங்களெல்லாம் காக்கூ என்று கூப்பிடுவோம், அவருக்கு நான் வஹினி, அண்ணி மாதிரி, ஒரு நாள் படிக்கட்டில் என்னை மடக்கி, "வஹினி, அண்ணாவுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்டே விட்டார். யோசிக்க நேரமே இல்லை. "சுகர், காக்கூ" என்று வாயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னதும் சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்ததே அபூர்வம்.

"பொய் சொல்றதுல என்னையத் தூக்கிச் சாப்பிட்டுருவியாட்ட இருக்குதே அம்மிணி."

"உங்ககிட்டக் கத்துக்கிட்டதுதானுங்க" என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் அப்படித்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், வியாதி எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று. "ரத்ததான முகாம்ல ஊசி போட்டாங்கல்ல, அதுல வந்திருக்கும்." கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து லேத் வேலை கற்றுக்கொண்டு இங்கே வந்து, கசார்வாடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சரக்கை அளந்து பார்க்கிற இன்ஸ்பெக்டராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் இங்கே தனி ஆள். கல்யாணத்துக்குப் பிறகும் மெஷின் பொருத்தப் போகிறேன் என்று மாசத்துக்குப் பத்து நாள் வெளியூர். நான் என்ன பச்சைக் குழந்தையா? ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் ஊசிதான். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அடித்துப் பண்ணினார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் வருஷக்கணக்காக இறங்கவில்லை. "ஆமா, நான்தான் பண்ணினேன்" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

சர்க்கரைப் பொய் நாங்கள் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. காக்கூ தினமும் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்து வாசலிலேயே நின்று அவர் குடித்து முடிக்கும்வரை பார்ப்பார். நாவல்கொட்டைப் பொடி, ஊறவைத்த வெந்தயம், என்னென்னவோ வந்தது. தீபாவளிக்கு எல்லா வீட்டிலிருந்தும் வரும் தட்டில் அவருக்கு மட்டும் சிவடா, சக்லி என்று காரவகைதான். இனிப்பைக் கண்டால் விடாத மனுஷர். நான் ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழ் போட்டு, நெய் வாசனை வெளியே போகாமல் ஜன்னலையும் சாத்தி, திருட்டுத்தனமாகக் கேசரி கிண்டிக் கொடுப்பேன். சுவர் மெல்லிசு. அதனால் எங்களுக்குள் பேசும்போதுகூட அந்த வியாதியின் பேரை எடுப்பதில்லை. "சுகர் எப்படி இருக்குதாம்?" "சுகர் டாக்டர் என்ன சொன்னாங்க?" இப்படியே பேசிப் பழகிவிட்டோம்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் கழித்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருக்கு எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கியிருந்ததால் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு இறங்கவில்லை, அதனால் இப்போது வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு அதுதான் வழக்கம். அவருடைய மாத்திரைகளைச் சர்க்கரை மாத்திரை டப்பாவில் கொட்டி அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். காலை ஒன்பது, ராத்திரி ஒன்பது. ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது, தப்பினால் பிறகு மாத்திரை கேட்காது என்று அங்கிருந்த டாக்டரம்மா விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார்.

உடம்பு தேறியது. சதை பிடித்தது. ஆனால் ஆளிடம் ஏதோ சரியில்லை. அது எப்போது ஆரம்பித்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதைத்தான் யோசித்து யோசித்துக் குழம்பிப் போகிறேன். மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா? ஒர்க்‌ஷாப் தளேகாவுக்கு மாறிய பிறகா? அப்போது லோக்கல் ரயிலில் போய் வருவார். ஒரு நாள் தளேகாவில் இறங்காமல் கடைசி ஸ்டேஷன் லோனாவ்ளாவரை போய்விட்டு வந்தார். தூங்கிவிட்டேன் என்றார். இன்னொரு நாளும் தூங்கிவிட்டேன் என்றார். ஒரே உருளையை மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் எழுதி வைத்திருக்கிறார் என்று கூட வேலை செய்கிறவர் சொன்னார். முடியளவு வித்தியாசத்துக்குச் சண்டை பிடித்துச் சரக்கைத் திருப்பி அனுப்புகிற மனுஷர் அவர். சட்டைப் பொத்தான் போட ரொம்ப நேரம் எடுத்தார். நடக்கும்போது கால் லேசாக இழுத்தது. முன்பெல்லாம் நான் ஒன்று சொன்னால் அவர் நாலு சொல்வார். இப்போது என்ன சொன்னாலும் "ம்" தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு சந்தேகம் வந்தது. இந்த ஆள் மறக்கிறாரா, மறந்த மாதிரி நடிக்கிறாரா? ஏழெட்டு வருஷம் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்ன மனுஷர். நான் கேட்கிற கேள்வியிலிருந்து தப்பிக்க இது நல்ல வழியாயிற்றே! நானும் சும்மா விடுவேனா? ஒரு நாள் காலையில், "நாளைக்கு உங்க தம்பி ஊர்லருந்து வர்றாராம்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். "வரட்டும்" என்றார். மறுநாள், "ஏனுங்க, ஸ்டேஷனுக்குப் போகலீங்களா?" என்றேன். "எதுக்கு?" என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நடிக்கிறவர் முகமும் அப்படித்தான் இருக்கும். கடைசியில் நான்தான் தம்பி வருகிறாரா இல்லையா என்று குழம்பி, ஒரு டம்ளர் அரிசி கூடப் போட்டு வைத்தேன்.

ஒர்க்‌ஷாப் முதலாளி நல்லவிதமாகப் பேசி, கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு மேல் தாங்காமல் அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா இவரிடம் நாலு வார்த்தை சொன்னார், இந்தியில். குடை, பூனை, பச்சை, கடலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கேட்பேன் என்றார். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். பிறகு மேஜைமேல் கையை முஷ்டியாக வை, உள்ளங்கையைப் பரப்பு, பக்கவாட்டில் நிறுத்து, திரும்பத் திரும்பச் செய் என்றார். இவர் முஷ்டி வைத்தார். பரப்பினார். மறுபடி பரப்பினார். பிறகு கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னென்னவோ மெஷின் எல்லாம் பிடித்த கை. நாலு வார்த்தையில் பூனை மட்டும் வந்தது.

இந்தக் கிருமி மூளைக்குள்ளும் போகும், மருந்து தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு இப்படி நடப்பதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார். வயசுக் கோளாறு இல்லை, பைத்தியமும் இல்லை. மாத்திரை தவறாமல் போனால் இதற்கு மேல் இறங்காமல் பிடித்து நிறுத்தலாம், கொஞ்சம் திரும்பக்கூட வரலாம். விட்டால் ஆளே போய்விடுவார். இனிமேல் மாத்திரை உங்கள் பொறுப்பு என்றார். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஆனால் பாழாய்ப்போன மனசு, இதுவும் நடிப்பாக இருக்குமோ, டாக்டரையே ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டேதான் வந்தது.

அதற்கப்புறம்தான் கணபதி வந்தார். எங்கள் கட்டடத்துக் கீழே பந்தல் போட்டுப் பிள்ளையார் வைப்பார்கள். அந்த வருஷம் விழா நடத்தும் மண்டல்காரர்களுக்கு நல்ல காரியம் செய்ய ஆசை வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தலிலேயே இலவசச் சர்க்கரைப் பரிசோதனை வைத்தார்கள். நான் கடைக்குப் போயிருந்தேன். காக்கூ போய் இவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் முதல் ஆளாக உட்கார வைத்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அவர் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த ஊசியை வேறு யாருக்காவது போட்டார்களா? ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் புது ஊசி, பாக்கெட்டைப் பிரித்துப் பிரித்து எடுத்தார்கள், போட்டதை டப்பாவில் போட்டார்கள். அப்போதுதான் மூச்சு வந்தது.

"வஹினி, ஏக்தம் நார்மல்!" என்று காக்கூ கத்தினார். என் பாகற்காய்ச் சாறுதான் காரணம் என்று பந்தல் முழுக்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ அவர் கையில் மோதகம் கொடுத்தார்கள். ஒன்றல்ல, மூன்று தின்றார். அத்தனை பேருக்கு முன்னால், ஒளியாமல், சாவகாசமாக. நார்மல் என்று எழுதின துண்டுச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய?

இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, மாத்திரையைக் கையில் வாங்கி, நான் திரும்பியதும் ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஜன்னலுக்குக் கீழே ஓட்டின்மேல் நாலு மாத்திரை கிடந்தது.

"ஏனுங்க, என்ன பண்றீங்க நீங்க?"

"சுகர்தான் போயிருச்சல்ல. அப்பறம் எதுக்கோசரம் மாத்திரை?"

"உங்களுக்குச் சுகரே இல்லீங்க!"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

குரலைத் தாழ்த்தி, மறுபடி ஏறிவிட்டதாம், டாக்டரம்மா சொன்னார் என்று ஒரு பொய்யை விட்டேன். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். "மெஷின்ல அளந்தது. அளந்ததை மாத்திச் சொல்லாதே அம்மிணி." தம்பி வருகிறார் என்றால் மறக்கிறவர், இதை மட்டும் பிடித்துக்கொண்டார். மறந்தாலும் சீட்டு ஞாபகப்படுத்தியது, சீட்டை ஒளித்து வைத்தால் காக்கூ பேடாவோடு வந்து ஞாபகப்படுத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுகர் என்ற வார்த்தையை நாங்கள் இந்த வீட்டில் தினமும் பத்துத் தடவை சொல்லியிருக்கிறோம். உண்மையான பேரை மொத்தமாக இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தால் அதிகம். அவர் மூளையிலிருந்து எல்லாம் உதிர்ந்தபோது பொய் தங்கிவிட்டது, நிஜம் போய்விட்டது. சொல்லிக் கொடுத்தது நான். யாரை நொந்துகொள்வது?

டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஒரு நாளும் வீணாக்காதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். உங்களுக்கு இருக்கிறது சுகர் இல்லை, எச்.ஐ.வி. அவர் என்னைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பிறகு, "எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைத்தானுங்க நான் இத்தனை வருஷமா உங்ககிட்டக் கேட்கிறேன்! நீங்கதான் சொல்லோணும்!"

"எனக்குத் தெரியலையே. உனக்குத் தெரியுமா?"

ஊசி என்றுகூடச் சொல்லவில்லை. அந்தப் பொய்யும் போய்விட்டது, அதற்குப் பின்னால் இருந்த நிஜமும் போய்விட்டது. அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இனிமேல் யாரிடம் போய்க் கேட்பேன்? சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது மாத்திரையை விழுங்கியிருந்தார்.

மறுநாள் காலையில், "சுகர்தான் நார்மலாச்சே" என்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடி கையைப் பார்த்தார், மறுபடி எப்படி வந்தது என்று கேட்டார். தினமும் காலையில் ஒரு மனுஷருக்கு இந்தச் செய்தியைச் சொல்வது என்றால் என்னவென்று அனுபவித்தால்தான் தெரியும். நடிப்பா என்ற சந்தேகமும் முழுசாகப் போகவில்லை. என் வாயால் தினமும் இதைச் சொல்ல வைத்து வேடிக்கை பார்க்கிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

மூன்றாம் நாள் முரண்டு பிடித்தார். "எனக்கெல்லாம் அந்த வியாதி வராது. நான் என்ன அப்படிப்பட்டவனா? மெஷின்ல பார்த்தாச்சு." மணி ஒன்பதேகால் ஆகிவிட்டது. மாத்திரை என் கையிலேயே ஈரமாகிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே யாரோ புடைவையோடு நின்று, "வஹினி" என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்கும் அதேதானுங்க இருக்குது! எனக்கு இருக்கறப்ப உங்களுக்கு இருக்காதா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். அவ்வளவு வேகமாக எழுந்து பல மாசம் ஆகியிருந்தது.

"உனக்கா? உனக்கு எப்படி?"

நான் மாத்திரையைக் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"யாரு அவன்?" என்று ஒரு அடி கிட்டே வந்தார். "உனக்கு இதைக் கொண்டாந்து குடுத்தவன் யாரு? சொல்லு அம்மிணி, பயப்படாதே. நான் இருக்கறேன்."

இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. பதில் நாக்கு நுனியில் இருந்தது. நீங்கதான் என்று சொன்னால் போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். என்மேல் அப்படி ஒரு இரக்கம், கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இது நடிப்பில்லை. இந்த மனுஷருக்கு நிஜமாகவே தெரியாது.

"அவன் நல்லா இருப்பானா?" என்று கத்தினார். "ஒண்ணும் அறியாத பொம்பளைய இப்படிப் பண்ணுனவன் வெளங்குவானா? கை கால் வராமப் போயிரும் அவனுக்கு. புத்தி பேதலிச்சு, ஊரு பேரு தெரியாம..."

வருஷக்கணக்காக அடுப்படியில் நின்றுகொண்டு நான் அவருக்கு மனசுக்குள் விட்ட சாபம் எல்லாம் இதேதான். ஒரு வார்த்தை மாறவில்லை. பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினேன்.

"ஐயோ, வேண்டாமுங்க! அப்படிச் சொல்லாதீங்க. அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது!"

என் கையை விலக்கிவிட்டு என்னை வெறித்துப் பார்த்தார்.

"உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்குனவனுக்கு நீ பரிஞ்சுட்டு வர்றியா?"

"ஆமாங்க" என்றேன். "வாயைத் திறங்க."

திறந்தார்.